கொலஸ்ட்ரோல் குறைந்தால் சந்தோஷம்தானா?

கொலஸ்ட்ரோல் என்ற சொல் இப்போது லயத்துக்கு லயம் கேட்கிறது. "எனக்குக் கொலஸ்ட்ரோல் இருக்கு, பொரிச்சது வேணாம்" என்று சொல்லும் பெரியவர் ஒருவராவது ஒவ்வொரு வீட்டிலும் இருக்கிறார். கூடினால் கெடுதி என்பதை எல்லோரும் படித்துவிட்டோம். இளம் வயதில் ஒருவருக்கு அது மிகவும் குறைந்து போயிருந்தால் என்ன அர்த்தம்? இந்த இதழில் அதைப் பார்ப்போம்.

தீபாவளிக்குக் கொழும்பிலிருந்து வந்த 24 வயது மகனை அழைத்துக்கொண்டு ஒரு தாய் தோட்டத்து டிஸ்பென்சரிக்கு வந்தார். டவுன் லெப் ஒன்றில் எடுத்த ரிப்போர்ட் கையில் இருந்தது.

"ஐயா, எனக்கு 262. இவனுக்கு 98தாங்க. புள்ள தப்பிச்சிருச்சு!"

தோட்ட வைத்திய உதவியாளர் ரிப்போர்ட்டை வாங்குமுன் பையனைப் பார்த்தார். வெளியே மூடுபனி. வந்திருந்த எல்லோரும் ஸ்வெட்டரும் கம்பளியுமாக இருக்க, பையன் மெல்லிய சேர்ட்டோடு வியர்த்துக்கொண்டிருந்தான். கைகளை முன்னே நீட்டச் சொன்னார். விரல்கள் நடுங்கின.

"பசி எப்படி தம்பி?"

"ரெண்டாள் சாப்பாடு சாப்பிடுறேங்க ஐயா. ஆனா கால்சட்டை இடுப்புல நிக்க மாட்டேங்குது."

அம்மாவின் சிரிப்பு நின்றுவிட்டது. பையனின் கதைக்குப் பிறகு வருவோம். முதலில் சில விடயங்களைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

கொலஸ்ட்ரோல் ஒரு விஷம் அல்ல. உடம்பின் ஒவ்வொரு கலத்துக்கும் சுவர் கட்ட அது தேவை. கொழுப்பைச் செரிக்கச் செய்யும் பித்தநீர், விட்டமின் டி, ஆண் பெண் ஹோர்மோன்கள் எல்லாம் அதிலிருந்துதான் உண்டாகின்றன. அதில் பெரும்பகுதியை நமது உடம்பே, முக்கியமாக ஈரல், தயாரிக்கிறது. சாப்பாட்டில் வருவது சிறு பகுதிதான். ஆகவே "ரொட்டியும் சம்பலுமாகச் சாப்பிடுகிறோம், அதுதான் குறைந்து விட்டது" என்று சும்மா சொல்லிவிட முடியாது.

மொத்தக் கொலஸ்ட்ரோல் 200க்குக் கீழே இருப்பது நல்லது. 120க்கும் கீழே போனால்தான் அதை அசாதாரணக் குறைவு என்கிறோம். இங்கே ஓர் எச்சரிக்கை. சில லெப்களில் வேறு அளவில் எழுதுவார்கள். அந்த அளவில் 200 என்பது 5.2 ஆகும், 120 என்பது 3.1 ஆகும். "எனக்கு 4.8தான், ஒண்ணுமே இல்லாம போச்சு" என்று பயந்து ஓடி வருகிறவர்கள் உண்டு. அது நல்ல, சாதாரண அளவே.

குறைவாக வந்தால் முதலில் கேட்க வேண்டிய கேள்வி: வீட்டில் வேறு ஒருவருக்குக் கிளினிக்கில் கொடுத்த கொலஸ்ட்ரோல் மாத்திரையை இவர் எடுத்தாரா? சிரிக்க வேண்டாம். "அம்மாவுக்கு நல்லதுன்னா எனக்கும் நல்லதுதானே" என்று அட்டோவஸ்டட்டின் போட்டுக்கொள்ளும் பிள்ளைகள் இருக்கிறார்கள். கர்ப்பம் தரிக்கக்கூடிய வயதுப் பெண்கள் வைத்தியரைக் கேட்காமல் அதைத் தொடவே கூடாது.

அடுத்த கேள்வி, அண்மையில் காய்ச்சல், டெங்கு, நியூமோனியா, சத்திரசிகிச்சை ஏதாவது வந்ததா என்பது. கடும் நோயின்போது கொலஸ்ட்ரோல் இறங்கும். உடம்பு தேறியதும் ஏறும். இரண்டு மூன்று மாதம் கழித்து மீண்டும் சோதித்தால் விடயம் தெளிவாகிவிடும்.

இந்த இரண்டும் இல்லையென்றால் கழுத்தைப் பார்க்க வேண்டும். அங்கே தைரொயிட் என்ற சுரப்பி இருக்கிறது. அது அளவுக்கு மிஞ்சி வேலை செய்தால் உடம்பு முழுவதும் ஓட்டமெடுக்கும். நெஞ்சு படபடக்கும், கை நடுங்கும், குளிரிலும் வியர்க்கும், நித்திரை வராது, நன்றாகச் சாப்பிட்டும் மெலிவார்கள். பெண்களுக்கு மாதவிலக்கு குறையலாம். கொலஸ்ட்ரோல் ஏன் இறங்குகிறது? பெக்டரியில் தூள் கூடுதலாக அரைத்தாலும், லொறிகள் அதைவிட வேகமாக ஏற்றிக்கொண்டு போனால் ஸ்டோர் காலியாகத்தானே கிடக்கும்! அதுபோல ஈரல் இரத்தத்திலுள்ள கொலஸ்ட்ரோலை வேகவேகமாக இழுத்துக்கொள்கிறது.

குடலும் காரணமாகலாம். சாப்பிட்ட கொழுப்பு உடம்பில் சேராவிட்டால் மலம் வெளிறி, எண்ணெய்ப் பசையோடு, நாற்றமெடுத்து மிதக்கும். வாளியால் தண்ணீர் ஊற்றினாலும் லேசில் போகாது. வெட்கப்படாமல் இதைச் சொல்லுங்கள். கோதுமை மா குடலைக் கெடுக்கும் சீலியாக் என்ற நோயும் உண்டு. அந்தச் சந்தேகத்தில் நீங்களாகவே ரொட்டியை நிறுத்திவிட வேண்டாம். சோதனைக்கு முன்னர் நிறுத்தினால் நோய் பிடிபடாமல் போகலாம்.

ஈரல் கெட்டுப்போனாலும் தயாரிப்பு குறையும். கசிப்பும் சாராயமும் வருடக்கணக்கில் குடித்தவருக்குக் கொலஸ்ட்ரோல் குறைந்தால் அது நல்ல செய்தி அல்ல. கண் மஞ்சளாகிறதா, வயிறு வீங்குகிறதா, கால் வீங்குகிறதா என்று வீட்டார் கவனிக்க வேண்டும். நீண்ட காலம் போதிய சாப்பாடில்லாமல் எடை இறங்கியவர்களுக்கும், காசநோய் போன்ற நாட்பட்ட தொற்று உள்ளவர்களுக்கும் குறையும். இரண்டு கிழமைக்கு மேல் இருமல் இருந்தால் சளியைச் சோதிக்கக் கொடுங்கள். சில புற்றுநோய்களிலும் குறைவதுண்டு; ஆனால் அப்போது வேறு அறிகுறிகளும் பெரும்பாலும் இருக்கும். எண்ணிக்கையை மட்டும் பார்த்து அந்தப் பயத்துக்குப் போக வேண்டியதில்லை.

தலசீமியா உள்ளவர்களுக்கும் இது குறைவாகவே இருக்கும். உடம்பு ஓயாமல் புது இரத்தக் கலங்களைச் செய்துகொண்டிருப்பதால் கொலஸ்ட்ரோல் அதில் செலவாகிறது. வெளிறிய முகம், லேசான மஞ்சள், இடது விலாவின் கீழே வீக்கம் இருந்தால் இரத்தத்தை முழுமையாகச் சோதிக்க வேண்டும். சொந்தத்துக்குள்ளேயே கலியாணம் செய்யும் நமது குடும்பங்களில் இதை மறக்கக் கூடாது.

கடைசியாக, பிறவியிலேயே குறைவாக உள்ளவர்கள். அப்பா, அக்கா, தம்பி என்று குடும்பத்தில் பலருக்கும் குறைவாக இருக்கும். ஆளும் சுகமாக இருப்பார். இதில் ஒரு வகை ஆயிரம் முதல் மூவாயிரம் பேருக்கு ஒருவரிடம் இருக்கலாம். அவர்களில் சிலருக்கு ஈரலில் கொழுப்பு படிவதால் இடைக்கிடை சோதிப்பது நல்லது. இன்னொரு வகையினருக்கு மாரடைப்பே மிகவும் குறைவு. 2006ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ஓர் இளம் பெண்ணைப் பற்றி எழுதினார்கள். அவருக்குக் கெட்ட கொலஸ்ட்ரோல் எனப்படும் எல்.டி.எல். வெறும் 14தான். பூரண சுகத்தோடு இருந்தார்! ஆக, குறைவு என்பது தானாகவே ஒரு நோய் அல்ல. ஆளை விட்டுவிட்டு எண்ணிக்கையை மட்டும் பார்ப்பதுதான் தவறு. எண்ணிக்கையை ஏற்றுவதற்காகத் தேங்காயெண்ணெயையும் இறைச்சிக் கொழுப்பையும் அள்ளிச் சாப்பிடுவதும் தவறு.

இனி பையனின் கதை. பெரியாஸ்பத்திரிக்குத் துண்டு எழுதிக் கொடுத்து அனுப்பினார் வைத்திய உதவியாளர். தைரொயிட் சோதனையில் சந்தேகம் உறுதியானது. கார்பிமசோல் மாத்திரை கொடுத்தார்கள். அதோடு ஒரு விடயத்தைத் திரும்பத் திரும்பச் சொன்னார்கள்: தொண்டை நோவோ காய்ச்சலோ வந்தால் மாத்திரையை நிறுத்தி, அன்றைக்கே வந்து இரத்தம் சோதிக்க வேண்டும். ஏனென்றால் மிகச் சிலருக்கு அந்த மருந்து வெள்ளை அணுக்களைக் குறைத்துவிடும்.

ஐந்து மாதம் சென்று அம்மா மட்டும் டிஸ்பென்சரிக்கு வந்தார். முகத்தில் கவலை.

"ஐயா, மாத்திரை குடிச்சு புள்ளைக்குக் கொலஸ்ட்ரோல் ஏறிப்போச்சுங்களே! இப்ப 156!"

"கால்சட்டை இடுப்புல நிக்குதாம்மா?"

"இறுக்கமா இருக்குன்னு புதுசு வாங்கியிருக்காங்க."

"அப்ப சரி. இனி உங்க 262ஐப் பத்திப் பேசுவோம், உக்காருங்க."