பழைய டாங்கியும் சேற்று நிலமும்



பிழைப்புத் தேடிப் பாறசாலையில் குடியேறிய தமிழ்க் குடும்பம் என்னுடையது. மழைக்காலத்தில் நெய்யாற்றின்கரைப் பக்கத்து வாழைத் தோட்டங்களிலிருந்து குலை சுமந்து வருவோர், சேற்றின்மேல் பலகை இட்டு நடப்பதைச் சிறுவயதில் கண்டிருக்கிறேன். ஆளின் எடை குறையவில்லை. அது பரவும் இடம் அகன்றது. ஆகவே அழுத்தம் குறைந்தது. டாங்கியின் சங்கிலிப் பட்டையும் அத்தகைய பலகையே.

ஆயினும் பலகைக்கும் எல்லை உண்டு. 1971ஆம் ஆண்டில் நம் படையிடம் ஆவடியில் செய்த விஜயந்தா, சோவியத் நாட்டு டி-55 முதலிய முதன்மைப் போர் டாங்கிகள் இருந்தன. டி-55 ஏறத்தாழ 36 டன். ஒரு சதுர சென்டிமீட்டர் நிலத்தைச் சுமார் 0.8 கிலோ எடையால் அழுத்தும். அதனினும் மூத்த வடிவமான பி.டி.-76 என்னும் இலகு டாங்கியோ 14 டன், அழுத்தம் அரைக் கிலோவுக்குச் சற்றுக் குறைவு, நீரிலும் நீந்தும். ஆறும் சேறும் மிகுந்த கிழக்கு வங்கப் போர்முனைக்கு அது தேவைப்பட்டது. அவ்வாண்டு நவம்பர் 21 அன்று கரீப்பூரில் 14 பி.டி.-76 டாங்கிகள், காலாட்படையோடு சேர்ந்து, பாகிஸ்தானின் சாஃபி டாங்கி அணியை முறியடித்தன.

ஆனால் எடையைக் குறைத்தது கவசத்தைக் குறைத்துத்தான். பெரிய எந்திரத் துப்பாக்கியின் குண்டே பக்கத் தகட்டைத் துளைக்கவல்லது. 'கையில் இருக்கிறது, செலவில்லை' என்று பழையதை வைத்திருந்தால், அந்தச் செலவை உள்ளே அமர்ந்திருப்பவர் உயிரால் கொடுக்க நேரும்.

பி.டி.-76 ஓய்வுபெற்றுவிட்டது, அதன் பணி ஓயவில்லை. லடாக் மலைகளை எண்ணி உருவாக்கிய 25 டன் ஜொராவர் இலகு டாங்கி 2024இல் வெளிவந்தது. கருவியின் வயதைக் கேட்குமுன் அது நிற்கப்போகும் மண்ணைக் கேளுங்கள், தோழர்களே!