இந்த பட்டனை வரைந்த காம்போனென்ட் எது?

தங்கச்சி, டெஸ்ட் எழுத உட்கார்ந்ததும் இன்ஸ்பெக்ட் திறந்து, கண்ணில் படுகிற கிளாஸ் பெயரைக் காப்பி பண்ணாதே. அதன் வாலில் ஒட்டியிருக்கும் அர்த்தமில்லாத எழுத்துகள் பெரும்பாலும் பில்ட் டூல் போட்டவை. எப்போது மாறும் என்று சொல்ல முடியாது.

முதலில் அந்த இடத்தை எந்தக் காம்போனென்ட் வரைந்தது என்று பார். ரியாக்ட் என்றால் குரோமில் ரியாக்ட் டெவ்டூல்ஸ் போட்டுக்கொள். காம்போனென்ட்ஸ் டேபில் இருக்கும் அம்புக்குறியைத் தட்டி, பக்கத்தில் வேண்டிய இடத்தைத் தொட்டால் பெயரும் அதற்கு வந்த பிராப்ஸும் தெரியும். வியூவுக்கும் இதேபோல் தனி டெவ்டூல்ஸ் இருக்கிறது.

இது ரொம்பக் கைகொடுப்பது பாப்-அப் விஷயத்தில்தான். கார்ட் பக்கத்தில் 'நீக்கவா?' என்று ஒரு பெட்டி வருகிறது. கார்டுக்குள்ளே தேடித் தேடிப் பார்க்கிறாய், கிடைக்காது. போர்ட்டல் வழியாக வந்தால் அது டாமில் பாடியின் கடைசியில் போய் உட்கார்ந்திருக்கும். காம்போனென்ட் மரத்திலோ கார்டின் பிள்ளையாகவே இருக்கும். இரண்டு மரமும் ஒன்றல்ல என்பது பிடிபட்டாலே பாதி குழப்பம் தீரும். பெட்டியை மொத்தப் பக்கத்திலிருந்து தேடு.

அப்படியானால் டெஸ்ட்டிலேயே காம்போனென்ட் பெயரைப் போடலாமே என்று தோன்றும். வேண்டாம். பிளேரைட்டில் 2021-இல் அந்த வசதி வந்தது. சோதனை நிலையைத் தாண்டாமலே பின்னால் எடுத்துவிட்டார்கள். புரொடக்‌ஷன் பில்டில் பெயர்களெல்லாம் ஓரிரு எழுத்தாகச் சுருங்கிவிடும், உன் லோகேட்டர் எதைப் பிடிக்கும்? டெவலப்பர் பெயரை மாற்றினாலும் போச்சு. பயனருக்கு ஒன்றும் ஆகியிருக்காது, உன் டெஸ்ட் மட்டும் விழும். எனக்கு இதுதான் பெரிய குறை.

டெஸ்ட்டில் ரோலையும் திரையில் தெரியும் பெயரையும் வைத்துத் தேடு: 'நீக்கு' என்ற பட்டன். ஒரே மாதிரி பத்து வரிசை இருந்தால் முதலில் பொருளின் பெயர் இருக்கும் வரிசையைப் பிடித்து, அதற்குள் பட்டனைத் தேடு. அதற்கும் வழியில்லாவிட்டால் மட்டும் டெஸ்ட் ஐடி கேள். கேட்கும்போது காம்போனென்ட் பெயரைச் சொல்லிக் கேள். டெவலப்பர் நேராக அந்த ஃபைலைத் திறப்பார்.

ஐடி போட்ட பிறகும் கிடைக்கவில்லையா? ரியாக்டில் காம்போனென்டுக்குக் கொடுத்த ஐடி தானாக டாமுக்கு இறங்காது. உள்ளே இருக்கும் பட்டன் வரை அதைக் கடத்தியிருக்கிறார்களா என்று எலிமென்ட்ஸ் டேபில் பார்த்துவிட்டு அப்புறம் டெஸ்ட்டை ஓட்டு.