கொட்டாரம் யாருடையது?

அன்புள்ள மக்ளே,

பழைய வீடு ஒன்றின் வரலாற்றை எழுதிவரப் பள்ளிக்கூடத்தில் சொல்லியிருக்கிறார்களாமே. ராஜாக்கள் பெயரை வரிசையாக எழுதி முடித்துவிடாதே. யார் கைக்குப் போனபோது எது மாறியது, எது மாறவில்லை என்று பார்.

நம்ம சிதறால் மலையையே எடுத்துக்கொள். ஆய் மன்னன் விக்கிரமாதித்த வரகுணனின் 28-ஆம் ஆட்சியாண்டில், குணந்தாங்கிக் குரத்திகள் என்ற சமணத் துறவி அங்கே பொன் அணி வழங்கியதைக் கல்வெட்டு சொல்கிறது. அது 9-ஆம் நூற்றாண்டு. 13-ஆம் நூற்றாண்டில் அந்த இடம் பகவதி கோயிலானது. பாறையில் செதுக்கிய தீர்த்தங்கரர்கள் மட்டும் இடம் மாறவில்லை.

வீடு என்றால், தக்கலைக்குப் பக்கத்துப் பத்மநாபபுரம் கொட்டாரம்தான், அதாவது அரண்மனை. ஊருக்குக் கல்குளம் என்று பெயர் இருந்த காலத்தில், 1600-ஐ ஒட்டி, இரவிவர்ம குலசேகரப் பெருமாள் கட்டியது. அங்குள்ள கட்டடங்களில் மூத்தது தாய்க்கொட்டாரம். நடுவே முற்றம் வைத்த நாலுகெட்டு. அதன் ஏகாந்த மண்டபத்தில் ஒரே பலாமரத்தில் கடைந்த தூண் நிற்கிறது. ஒட்டு எங்கே என்று தேடிப் பார், கிடைக்காது.

1750 ஜனவரியில் திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மா தன் நாட்டையே பத்மநாபசுவாமிக்கு எழுதிவைத்து, தான் 'பத்மநாபதாசன்' ஆனார். அந்தப் பாத்தியதை மாற்றத்தை நான்கு அடுக்கு உப்பரிக்கை மாளிகையில் அப்படியே படிக்கலாம்: கீழே கருவூலம், அதற்கு மேலே ராஜாவின் படுக்கையறை, உச்சியில் சுவர் முழுக்க ஓவியம் தீட்டிய சுவாமி அறை. உடையவருக்கு மேல்தளம், தாசனுக்குக் கீழ்த்தளம்.

1795-இல் தலைநகரம் பத்மநாபபுரத்திலிருந்து திருவனந்தபுரத்துக்குப் போனது. 1956 நவம்பர் 1 அன்று கொட்டாரம் இருக்கும் கல்குளம் தாலுகா சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. ஆனால் கொட்டாரத்தை இன்றும் பராமரிப்பது கேரளத் தொல்லியல் துறை. மண் தமிழ்நாடு, சாவி கேரளம்!

அமெரிக்காவின் பாசடீனாவிலும் இப்படிக் கைமாறிய ஒரு மரவேலை வீடு உண்டு. 1908-இல் கிரீன் சகோதரர்கள் கேம்பிள் குடும்பத்துக்காக வடிவமைத்த பங்களா அது. மரப் பொருத்துகளை மறைக்காமல் அழகாகவே காட்டியிருப்பார்கள். 1966-இல் அந்தக் குடும்பம் வீட்டைப் பொதுப் பயனுக்குக் கொடுத்துவிட்டது.

உடையவர்களைப் பற்றி எழுதியதும் அடுத்த பக்கத்தை ஆசாரிமாருக்கு ஒதுக்கு. கொட்டாரத்தின் வாசல் முகப்பான பூமுகத்துக் கூரையில் 90 வகைப் பூக்கள் செதுக்கியிருப்பதாகச் சொல்வார்கள். அண்ணாந்து பார்த்து இரண்டையாவது வரைந்து வா. திங்கட்கிழமை போகாதே, அன்று விடுமுறை.

அன்புடன்,
மாமா