கறுப்புக் கல்லும் காய்ந்த இலையும்

2024-ஆம் ஆண்டு கோடைக்காலம். பெங்களூரில் தண்ணீருக்குப் பெரும் தட்டுப்பாடு. பல ஆழ்துளைக் கிணறுகள் வற்றிப் போயின.

மல்லேஸ்வரத்தில் ஒரு பழைய வீடு. அதன் பின்புறம் ஒரு கிணறு. கிணற்றின் மேல் ஒரு மாமரம். பல வருடங்களாக அந்தக் கிணற்றில் யாரும் நீர் இறைக்கவில்லை. மாவிலைகள் விழுந்து விழுந்து அடியில் சேறாகிவிட்டன.

குழாயில் தண்ணீர் வரவில்லை. மாமியாரும் மருமகளும் அந்தக் கிணற்றில் நீர் இறைத்தார்கள். நீர் லேசான தேநீர் நிறத்தில் இருந்தது. இரண்டு நாளில் குடத்தின் உள்ளே கறுப்பாகப் படிந்தது. வெள்ளைத் துணிகளில் கறுப்புத் திட்டுகள் விழுந்தன.

“அத்தை, பிளீச்சிங் பவுடர் போட்டு ஊற வைத்தேன். கறை இன்னும் அதிகமாகிவிட்டது” என்றாள் மருமகள்.

“சோப்பு சரியில்லையோ என்னவோ! தண்ணீரைக் கொதிக்க வை, கண்ணு. குழந்தைக்குப் பால் பவுடர் கலக்க வேண்டுமே” என்றார் மாமியார்.

பக்கத்து வீட்டுப் பெரியவர் இதைக் கேட்டார். அவர் தண்ணீர் சுத்தம் செய்யும் வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர்.

“பொறும்மா. இது சோப்பின் குற்றம் இல்லை. மாங்கனீஸ் போலத் தெரிகிறது. கொதிக்க வைத்தால் அது போகாது. நீர்தான் சுண்டும். பரிசோதனை செய்யாமல் குழந்தைக்குக் கொடுக்காதே” என்றார்.

மாங்கனீஸ் என்றால் என்ன?

மாங்கனீஸ் இரும்பைப் போன்ற ஓர் உலோகம். இரும்பு காற்றுப் பட்டால் துருப்பிடிக்கும். அந்தத் துரு செந்நிறமாக இருக்கும். மாங்கனீஸின் துரு கறுப்பாக இருக்கும். டார்ச் லைட்டில் போடும் பேட்டரி செல்லின் உள்ளே உள்ள கறுப்புத் தூளில் இதுவும் இருக்கிறது. அதைப் பார்ப்பதற்காகச் செல்லை உடைக்க வேண்டாம்.

கர்நாடகத்தில் பல்லாரி மாவட்டத்தின் சண்டூர் மலைகளில் மாங்கனீஸ் கனிமம் வெட்டி எடுக்கிறார்கள். ஆனால் மாங்கனீஸ் சுரங்கத்தில் மட்டும் இல்லை. நம் வீட்டு மண்ணிலும் சிறிதளவு உண்டு. மண் துகள்களின் மேல் மெல்லிய கறுப்புப் பூச்சாக அது ஒட்டியிருக்கும்.

இலையை என்ன செய்கிறது?

தேயிலையை நீரில் போட்டால் சாறு இறங்குகிறது அல்லவா? அதுபோலக் காய்ந்த இலையிலிருந்தும் மழைநீரில் சாறு இறங்குகிறது. அந்தச் சாறு மண்ணில் உள்ள கறுப்புப் பூச்சைத் தொடுகிறது.

கறுப்புப் பூச்சில் பிராணவாயு சேர்ந்திருக்கிறது. அதன் பலத்தால் அது இலைச் சாற்றை மாற்றுகிறது. இரண்டு வேலைகள் நடக்கின்றன.

ஒன்று, உடைத்தல். சாற்றில் உள்ள பெரிய பொருள்கள் சிறு துண்டுகளாகின்றன. மண்ணில் உள்ள நுண்ணுயிர்கள் அவற்றை எளிதாகத் தின்கின்றன.

இரண்டு, இணைத்தல். இலையில் உள்ள துவர்ப்புப் பொருள்கள் ஒன்றோடு ஒன்று சேர்ந்து கருமையாகின்றன. வெட்டிய வாழைக்காய் கறுப்பதைப் பார்த்திருக்கிறோம். இதுவும் ஏறக்குறைய அப்படித்தான். இந்தக் கரிய பொருள் மண்ணோடு ஒட்டிக்கொள்ளும். எளிதில் அழியாது. மண்ணுக்கு வளம் தரும். ஈரத்தைப் பிடித்து வைக்கும்.

கிணற்றில் ஏன் தொல்லை?

இந்த வேலையில் மாங்கனீஸும் மாறுகிறது. கறுப்புப் பூச்சு கரைந்து, நிறமில்லாமல் நீரில் கலக்கிறது. காற்றோட்டமுள்ள மண்ணில் நுண்ணுயிர்கள் அதை மறுபடியும் கறுப்புப் பூச்சாக்கிவிடும். வேலை மீண்டும் தொடங்கும்.

கிணற்றின் அடியில் இலைச் சேறு அழுகும்போது பிராணவாயு தீர்ந்துவிடுகிறது. அங்கே கரைந்த மாங்கனீஸ் திரும்ப முடியாமல் நீரிலேயே தங்கிவிடுகிறது. நீரை மேலே இறைத்தால் காற்றுப் படுகிறது. மெல்ல மெல்லக் கறுப்பு படிகிறது. பிளீச்சிங் பவுடர் போட்டால் இன்னும் வேகமாகப் படிகிறது. மருமகளின் துணியில் கறை கூடியது அதனால்தான்.

நல்லதா, கெட்டதா?

உடலுக்கு மாங்கனீஸ் மிகச் சிறிதளவு தேவை. உணவிலேயே அது கிடைத்துவிடும். குடிநீரில் மிகுந்தால் கைக்குழந்தைகளின் மூளை வளர்ச்சிக்குக் கேடு வரலாம். இந்தியத் தரத்தின்படி ஒரு லிட்டர் குடிநீரில் 0.1 மில்லிகிராம் வரை மாங்கனீஸ் இருக்கலாம். வேறு நீரே கிடைக்காத இடத்தில் 0.3 வரை அனுமதி உண்டு. கண்ணால் பார்த்து அளவு சொல்ல முடியாது. பரிசோதனைதான் வழி.

வடிகட்டும் முறை

1896-இல் ஹெசரகட்டா ஏரியிலிருந்து பெங்களூருக்குக் குழாய் நீர் வந்தது. அந்த ஏரி நீரைச் சுத்தம் செய்ய மல்லேஸ்வரத்தில் ‘ஜுவல் ஃபில்டர்’ நிலையம் அமைந்தது. ஏரி நீரில் இலைச் சாறும் மண்ணும் கலந்திருக்கும். படிகாரம் போட்டால் அவை திரண்டு அடியில் தங்கும். பிறகு மணலில் வடிகட்டுவார்கள். மாங்கனீஸ் உள்ள நீரை நாளடைவில் வடிகட்டும் மணலும் கறுப்பாகிவிடும். அந்தக் கறுப்பு மணல், நீரில் உள்ள மாங்கனீஸை மேலும் பிடித்துக்கொள்ளும்.

வீட்டில் என்ன செய்தார்கள்?

சுத்தமான பாட்டிலில் கிணற்று நீரைப் பிடித்துப் பரிசோதனைக்குக் கொடுத்தார்கள். மாங்கனீஸ் அளவுக்கு மேல் இருந்தது. குழந்தைக்கு லாரித் தண்ணீரைக் கொதிக்க வைத்து ஆற்றிக் கொடுத்தார்கள்.

பழகிய ஆட்களை வைத்துக் கிணற்றைத் தூர் வாரினார்கள். பழைய கிணற்றில் விஷவாயு இருக்கலாம். அதனால் வீட்டார் யாரும் உள்ளே இறங்கவில்லை. பிறகு கிணற்றுக்கு வலை போட்டு மூடினார்கள்.

“இனி இந்த இலையை எல்லாம் கொளுத்திவிடலாமா, அத்தை?” என்று கேட்டாள் மருமகள்.

“வேண்டாம், கண்ணு. மரத்தடியில் குழி போட்டு மண் கலந்து வைப்போம். அவ்வப்போது கிளறிவிட்டால் காற்றுப் படும். கிணற்றைக் கெடுத்த இலை செடிக்கு உரமாகட்டும்” என்றார் மாமியார்.

இப்போது துணியில் கறை குறைந்திருக்கிறது. ஆனாலும் மறுபடி பரிசோதித்த பிறகுதான் அந்த நீரைக் குடிப்பது என்று இருவரும் முடிவு செய்திருக்கிறார்கள்.

பதில் சொல்லுங்கள்

1. கொதிக்க வைத்தால் மாங்கனீஸ் போகுமா?
2. மண்ணில் மாங்கனீஸ் செய்யும் இரண்டு வேலைகள் எவை?
3. உங்கள் தெருவில் மூடாத கிணறு உண்டா? அதற்கு என்ன செய்யலாம்? கூடிப் பேசுங்கள்.