வீட்டோர வண்டித் தளமும் வாட்டமும்
(சிவில் பட்டயப் படிப்பு, இறுதியாண்டு)

ஆண்டு மலர் என்றால் அணை, பாலம், அடுக்குமாடி என்று பெரிய கட்டுமானங்களைப் பற்றித்தான் நம் துறையில் எழுதுவது வழக்கம். நான் எடுத்துக்கொண்டது மிகச் சிறிய வேலை. வீட்டுக்குப் பக்கவாட்டில் கார் நிறுத்த 10 அடிக்கு 16 அடி கான்கிரீட் தளம் போடுவது. இதற்கு யாரும் பிளான் போடுவதில்லை, என்ஜினியரைக் கூப்பிடுவதும் இல்லை. ஒரு கொத்தனார், இரண்டு சித்தாள், கலவை போட ஒரு நாள். என் அப்பா அப்படிப்பட்ட கொத்தனார், அம்மா சித்தாள். எங்கள் வீட்டில் முதன்முதலாகப் படிக்க வந்தது நான்தான். எனவே இந்தக் கட்டுரையில் பாதி வகுப்பில் கேட்டது, பாதி வீட்டில் கேட்டது.

நம் புதுவையில் புல்வாருக்கு உள்ளே இருக்கும் பழைய தமிழ் வீடுகளுக்குப் பக்கவாட்டு இடமே கிடையாது. சுவரோடு சுவர் ஒட்டி நிற்கும். மழை நடு முற்றத்தில் விழும், முற்றத்துத் தரை ஒரு மூலைக்கு வாட்டமாக இருக்கும், அங்கிருந்து தூம்பு வழியாகத் தண்ணீர் வெளியேறும். தண்ணீர் எங்கே போகும் என்று கேட்டுவிட்டுத்தான் அந்தக் காலத்தில் தரை போட்டிருக்கிறார்கள். பிறகு வந்த நகர்களில்தான் வீட்டுக்கும் காம்பவுண்டு சுவருக்கும் நடுவே மண் இடைவெளி விட்டார்கள். ஒரு முருங்கை, ஒரு செம்பருத்தி, துணி துவைக்கும் கல். இப்போது கார் வந்ததும் அந்த இடத்தை ஓரம் விடாமல் பூசிவிடுகிறோம்.

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தபோது புதுச்சேரியில் 24 மணி நேரத்தில் சுமார் 48 செ.மீ. மழை கொட்டியது. அதற்கு முன் பெரிய மழை என்று சொல்லப்பட்டது 2004 அக்டோபர் 31-இல் பெய்த 21 செ.மீ. கிருஷ்ணா நகரில் வீடுகளில் சிக்கிக்கொண்டவர்களை மீட்க ராணுவமே வந்தது. நாம் ஒரு கணக்குப் போடுவோம். நம் தளம் 160 சதுர அடி, அதாவது சுமார் 14.9 சதுர மீட்டர். 48 செ.மீ. மழைக்கு அதன்மேல் விழுந்த தண்ணீர் சுமார் 7,100 லிட்டர். 15 லிட்டர் குடத்தால் 470 குடத்துக்கு மேல்! மொட்டை மாடிக் குழாயிலிருந்து இறங்குவது தனி.

மண்தரையாக இருந்தாலும் அன்றைய மழையை முழுசாகக் குடித்திருக்காது, உண்மைதான். ஆனால் புயல் தினமுமா வருகிறது? ஐப்பசியில் சாதாரணமாகப் பெய்யும் 3 செ.மீ. மழைக்கு இதே இடத்தில் சுமார் 450 லிட்டர். மணல் கலந்த மண் அதைச் சத்தமில்லாமல் உறிஞ்சிவிடும். சிமெண்ட் போட்டால் அந்த முப்பது குடமும் தெருவுக்கு வரும்.

எங்கள் வீடு சந்தின் கடைசியில், தெருவைவிட ஒன்றரை அடி பள்ளத்தில் இருக்கிறது. மேலே உள்ள வீடுகளில் ஐந்து பக்கவாட்டுகள் சிமெண்ட் ஆகிவிட்டன. அதில் மூன்று அப்பா கைவேலை. இப்போது ஒரு மணி நேர மழைக்கே எங்கள் வாசற்படி நனைகிறது. "நீ போட்ட தளத்துத் தண்ணிதான் வருது" என்று அம்மா சொல்லும்போது அப்பா பீடியைப் பற்றவைத்துக்கொண்டு வெளியே பார்ப்பார். கூலி வேலையில் வாட்டத்தை வீட்டுக்காரர்தான் முடிவு செய்கிறார். "மேஸ்திரி, தண்ணி நம்ம வீட்ல நிக்கக்கூடாது, அவ்ளோதான்" என்பார்கள். அது எங்கே போய் நிற்கும் என்பது ஒப்பந்தத்தில் இல்லை.

இனி தளத்துக்கு வருவோம். சிறிய காரின் எடை ஒரு டன்னுக்குள்தான், ஒரு சக்கரத்துக்குக் கால் டன். அதைத் தாங்க 4 அங்குலக் கான்கிரீட் போதும், அடிமண் நன்றாக இறுகியிருந்தால். மேல்மண்ணை வேரோடு வெட்டி எடுத்து, கிராவல் கொட்டி, தண்ணீர் தெளித்துத் திமிசு போட வேண்டும். தளம் உடைவது பெரும்பாலும் இங்கேதான். "கம்பி கட்டினா விரிசலே வராது" என்று பலர் நம்புகிறார்கள். கம்பி விரிசலைத் தடுக்காது, விரிந்ததை அகலாமல் பிடித்து வைக்கும், அவ்வளவே. நம் ஊர் உப்புக் காற்றில் மேலோட்டமாகப் புதைத்த கம்பி துருப்பிடித்து ஊதி, கான்கிரீட்டையே பெயர்த்துவிடும். கடலோரச் சூழலில் கம்பி உள்ள கான்கிரீட்டுக்கு எம்.30 வேண்டும், கம்பி இல்லாததற்கு எம்.20 போதும் என்கிறது ஐ.எஸ். 456 (2000). எனவே கம்பியில்லாமல் 1:1½:3 கலவை போட்டு, 8 அடிக்கு ஒரு இடத்தில் ஒரு அங்குல ஆழம் கீறிவிடுவது நல்லது. கான்கிரீட் சுருங்கும்போது அந்தக் கீறலுக்கு அடியிலேயே விரியும். வீட்டுச் சுவரை ஒட்டி அரை அங்குலத் தெர்மோகோல் வைக்க வேண்டும். தளத்தின் மேல்மட்டம் சுவரின் டி.பி.சி.க்கு 6 அங்குலம் கீழே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் சுவரில் ஈரம் ஏறும்.

மொத்தம் சுமார் 12 மூட்டை சிமெண்ட், 22 கன அடி மணல், 45 கன அடி முக்கால் ஜல்லி. மூட்டைக்கு 25 லிட்டர் தண்ணீர்தான் உச்சம், மணலில் உள்ள ஈரமும் அதில் சேர்த்தி. இழுக்கச் சுலபமாக இருக்கிறதென்று சாம்பார் மாதிரி கலக்குவது எல்லா இடத்திலும் நடக்கிறது. பி.பி.சி. சிமெண்ட் என்றால் குறைந்தது 10 நாள் ஈரம் காயக்கூடாது. பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்தலாம், கோணிச் சாக்கும் போடலாம். செப்டிக் டேங்க் மூடி அந்த இடத்தில் இருந்தால் அதன்மேல் சக்கரம் ஏறாதபடி தளத்தை நகர்த்துங்கள். மூடியைப் புதைத்துவிட்டு மறுவருடம் உளியால் தேடுவதை நானே பார்த்திருக்கிறேன்.

வாட்டம் 10 அடிக்கு 2 அங்குலம். ரசமட்டத்தை மட்டும் நம்பாமல் டியூப் பிடித்துப் பார்க்க வேண்டும். வாட்டத்தைத் தெருவுக்குக் கொடுக்காமல் ஒரு மூலைக்குக் கொடுத்து, அங்கே 3 அடி விட்டத்தில் உறை இறக்கி 6 அடி ஆழத்துக்கு ஜல்லி நிரப்பினால் இடுக்குகளில் மட்டும் 450 லிட்டருக்கு மேல் நிற்கும். 3 செ.மீ. மழைக்கு அது சரியாகப் போய்விடும். கார்த்திகையில் நிலத்தடி நீர் மேலேறிவிட்டால் மட்டும் குழி குடிக்காது.

இதைவிட எளிய வழி, முழுத் தளமே போடாமல் சக்கரம் ஓடும் இடத்தில் மட்டும் இரண்டரை அடி அகலத்தில் இரண்டு பட்டை, நடுவில் இரண்டேகால் அடி மண்ணோ ஜல்லியோ. பட்டை ஒடுக்கமாக இருப்பதால் 4 அடிக்கு ஒரு கீறல் வேண்டும். சிமெண்ட் 6 மூட்டையாகக் குறையும், பாதி இடம் மழைக்குத் திறந்தே இருக்கும். இங்கிலாந்தில் 2007 வெள்ளத்துக்குப் பிறகு சட்டமே கொண்டு வந்தார்கள். 2008 அக்டோபர் முதல் வீட்டு முன்தோட்டத்தில் 5 சதுர மீட்டருக்கு மேல் தண்ணீர் இறங்காத தளம் போட்டு, வழியும் தண்ணீரை மண்ணுக்குள் விடாவிட்டால், முன்அனுமதி வாங்க வேண்டும். நம் 160 சதுர அடி அந்த அளவைப் போல மூன்று மடங்கு.

இந்தப் பட்டை யோசனையை அப்பாவிடம் சொன்னேன். "மூட்டை பாதியானா கூலியும் பாதியாகுமேடா" என்றார். நியாயமான கேள்வி. உட்கார்ந்து கணக்குப் போட்டோம். கலவை குறைகிறது, ஆனால் நாலு ஓரத்துக்குப் பலகை அடிக்க வேண்டும், நடுவில் ஜல்லி பரப்ப வேண்டும், உறைக்குக் குழி வெட்ட வேண்டும். ஆள்கூலி குறைவது அரை நாள்தான். தை மாதம் எங்கள் சந்தின் முனை வீட்டில் வேலை பேசியபோது அப்பா இரண்டு விதத்துக்கும் விலை சொன்னார். வீட்டுக்கார அம்மா பட்டையையே போடச் சொன்னார்கள், விலை குறைவு என்பதற்காக. டியூப்பின் ஒரு முனையை நான் பிடித்தேன், மறுமுனையை அப்பா பிடித்தார்.