‘கவனத்தில் கொண்டோம்’ என்று பதில் வந்தால்

கிழக்கு லண்டனிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். ஈஸ்ட் ஹாமிலிருந்து சைக்கிளில் வேலைக்குப் போகிறவர். வழியில் ஒரு சிக்னலில் இவர் நேரே போகிற அதே பச்சையில்தான் இடப்பக்கம் திரும்பும் லாரிகளும் கிளம்புகின்றன. ஒரு முறைக்கு மேல் மயிரிழையில் தப்பியிருக்கிறார். சாலைத் துறைக்கு எழுதிப் பார்த்தார். ‘உங்கள் கவலையைக் கவனத்தில் கொண்டோம், சந்திப்பைத் தொடர்ந்து கண்காணித்து வருகிறோம்’ என்று பதில் வந்ததாம். இனி என்ன செய்ய என்று கேட்கிறார்.

முதலில் அந்தச் சந்திப்பு யாருடையது என்று பாருங்கள். லண்டனில் இது கொஞ்சம் சிக்கலான சங்கதி. ஓரத்தில் சிவப்புக் கோடு போட்ட பெரிய சாலைகள் டிரான்ஸ்போர்ட் ஃபார் லண்டனுடையவை. நீளத்தில் மொத்தச் சாலைகளில் 5 சதவீதம்தான் என்றாலும், நகரப் போக்குவரத்தில் ஏறக்குறைய 30 சதவீதத்தை அவைதான் சுமக்கின்றன. மற்ற சாலைகளில் பெரும்பாலானவை 32 பரோ கவுன்சில்களின் பொறுப்பு, அல்லது சிட்டி ஆஃப் லண்டனின் பொறுப்பு. ஆனால் சாலை கவுன்சிலுடையதாக இருந்தாலும் அங்கே நிற்கும் சிக்னலை இயக்குவது டிரான்ஸ்போர்ட் ஃபார் லண்டன்தான். நகரம் முழுக்க உள்ள 6,000-க்கும் மேற்பட்ட சிக்னல்கள் அவர்கள் கையில். எனவே கவுன்சில் விளக்கைக் காட்டும், விளக்குக்காரர் சாலையைக் காட்டுவார். ஒரே மின்னஞ்சலை இருவருக்கும் அனுப்புங்கள். இருவர் முகவரியும் இருவருக்கும் தெரியட்டும்.

அடுத்து, என்ன எழுதுவது. ‘இந்தச் சந்திப்பு மிகவும் ஆபத்தானது’ என்று எழுதினால் ‘கவனத்தில் கொண்டோம்’தான் வரும், ஏனென்றால் அதற்கு வேறு பதில் சொல்ல முடியாது. எந்தச் சாலையிலிருந்து எந்தப் பக்கம் போகிறீர்கள், எந்தத் தடத்தில் நின்றீர்கள், பச்சை விழுந்ததும் எந்த வண்டி எப்படித் திரும்பியது, மணி என்ன என்று எழுதுங்கள். அவர்களுடைய பொறியாளர் வரைபடத்தில் ஒரு அம்புக்குறி போடுகிற அளவுக்குத் தெளிவு வேண்டும். உங்கள் விஷயத்தில் அந்த அம்புக்குறி மிகப் பழையது: நேரே போகும் சைக்கிளை இடப்பக்கம் திரும்பும் லாரி குறுக்கே வெட்டுவது. லண்டனில் வண்டிகள் ஓடும் மொத்தத் தூரத்தில் கனரக லாரிகளின் பங்கு சுமார் 4 சதவீதம். 2015 முதல் 2017 வரை சைக்கிள் ஓட்டிகள் உயிரிழந்த மோதல்களிலோ 63 சதவீதத்தில் அவை இருந்தன. டிரான்ஸ்போர்ட் ஃபார் லண்டனே வெளியிட்ட கணக்கு இது. உங்கள் கடிதத்தில் தாராளமாகச் சேர்க்கலாம்.

‘எங்கள் பதிவேட்டில் அங்கே விபத்து எதுவும் இல்லையே’ என்று பதில் வரலாம். பொய் இல்லை, முழு உண்மையும் இல்லை. அந்தப் பதிவேட்டில் ஏறுவது யாருக்காவது காயம்பட்டு, போலீஸுக்கும் தெரிவிக்கப்பட்ட விபத்துகள் மட்டும். மயிரிழையில் தப்பியவை அதில் இராது. அதனால்தான் தேதியும் நேரமும் போட்டு எழுதச் சொல்கிறேன். அதே வழியில் போகும் நாலைந்து பேர் தனித்தனியாக எழுதினால் இன்னும் நல்லது. அப்படியே, 1988-ஆம் ஆண்டின் சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் 39-வது பிரிவையும் ஒரு வரியில் குறிப்பிடுங்கள். விபத்துகளை ஆராய்ந்து தடுக்க நடவடிக்கை எடுப்பது சாலைத் துறையின் கடமை என்கிறது அது. வக்கீல் பாணி எல்லாம் வேண்டாம், அந்தப் பிரிவின் எண்ணே போதும்.

இனி அவர்கள் ஏதோ செய்ய முன்வருகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். அது உருப்படியானதா, கண்துடைப்பா என்று எப்படித் தெரிந்துகொள்வது? உங்கள் வழியிலேயே இருக்கும் போ ரவுண்டானாவின் கதை அதற்குப் போதும்.

போ முதல் ஆல்ட்கேட் வரை 2011 ஜூலையில் ‘சைக்கிள் சூப்பர்ஹைவே 2’ திறக்கப்பட்டது. பெரும்பாலும் நீல வண்ணப் பூச்சு. அதே ஆண்டு அக்டோபரில் ஒருவர், நவம்பரில் ஒருவர் என்று போ ரவுண்டானாவில் இரண்டு சைக்கிள் ஓட்டிகள் லாரி மோதி இறந்தார்கள். 2012-இல் சைக்கிள்களைச் சில நொடிகள் முன்னால் அனுப்பும் சிக்னல் அங்கே வந்தது. 2013 அக்டோபரில், முதல் மரணத்தை விசாரித்த மரண விசாரணை அதிகாரி, இந்த நீலப் பட்டை ஓட்டிகளுக்கு இல்லாத பாதுகாப்பு இருப்பதுபோல் ஒரு நினைப்பைத் தருகிறது என்ற கவலையை எழுப்பினார். அடுத்த மாதமே அதே ரவுண்டானாவில் மூன்றாவது ஆள் இறந்தார். அந்த நவம்பரில் இரண்டு வாரத்துக்குள் லண்டன் முழுக்க ஆறு சைக்கிள் ஓட்டிகள் போனார்கள். அதன் பிறகுதான் சைக்கிள் ஓட்டியின் கண் உயரத்தில் சிறிய சிக்னல் விளக்குகள், கருங்கல் ஓரம் வைத்துப் பிரித்த தடம் எல்லாம் வேகமெடுத்தன. ஆல்ட்கேட் வரையிலான பழைய நீலப் பட்டை பிரித்த தடமாக மாறி முடிய 2016 ஆயிற்று.

இதிலிருந்து நான் எடுத்துக்கொள்ளும் அளவுகோல் ஒன்றே. அவர்கள் சொல்லும் மாற்றம் லாரியையும் சைக்கிளையும் இடத்தாலோ நேரத்தாலோ பிரிக்கிறதா என்று மட்டும் கேளுங்கள். வண்ணப் பூச்சு இரண்டாலும் பிரிப்பதில்லை. சிக்னலில் லாரிகளுக்கு முன்னால் சைக்கிள் நிற்கப் போடும் கட்டம், பச்சை விழும்போது அதற்குள் போய் நின்றிருப்பவருக்கு உதவும். பாதி வழியில் லாரியின் பக்கவாட்டில் இருப்பவருக்கு உதவாது. முன்னதாக அனுப்பும் சிக்னலுக்கும் இதே குறை உண்டு. உண்மையில் பிரிப்பது, இடப்பக்கம் திரும்பும் வண்டிகளைச் சிவப்பில் நிறுத்திவைத்து நேரே போகும் சைக்கிளுக்குத் தனிப் பச்சை கொடுப்பது. கடிதத்தில் அதைப் பெயர் சொல்லியே கேளுங்கள்.

உடனே பஸ் வரும். தனிப் பச்சை கொடுத்தால் பஸ்கள் தாமதமாகும் என்பார்கள். இதைச் சாக்கு என்று தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. காலை எட்டு மணிக்கு ஒரு சந்திப்பில் சைக்கிளில் இருப்பவர்களைவிட பஸ்ஸில் நிற்பவர்கள் பல இடங்களில் அதிகம், சிக்னலின் ஒவ்வொரு நொடியும் யாரிடமிருந்தோ எடுத்துத்தான் கொடுக்கப்படுகிறது. ஆகவே இன்னொரு கேள்வியையும் தயாராக வைத்திருங்கள்: அந்த இடப்பக்கத் திருப்பத்தையே தடை செய்தால் என்ன? அதற்குச் சிக்னலில் கூடுதல் நொடி தேவையில்லை. லாரி அடுத்த சந்திப்பில் திரும்பிக்கொள்ளும். எல்லா இடத்திலும் இது நடக்காது. நடக்கக்கூடிய இடத்திலும் பொதுமக்கள் கேட்காமல் அவர்களாக முன்வைப்பது அரிது.

பட்ஜெட் இல்லை என்று வந்தால், வரிசையில் உங்கள் சந்திப்பு எங்கே நிற்கிறது என்று கேளுங்கள். வரிசை ஒன்று உண்டு. 2014-இல் 33 சந்திப்புகளைத் திருத்த 30 கோடி பவுண்டு என்று அறிவித்தார்கள். 2017-இல் மோசமான பாதுகாப்புப் பதிவு கொண்ட 73 சந்திப்புகளைப் பட்டியலிட்டார்கள். 2041-க்குள் சாலை மரணங்களும் படுகாயங்களும் இல்லாத நகரம் என்பது 2018-இல் அறிவித்த இலக்கு. உங்கள் சந்திப்பு பட்டியலில் இருக்கிறதா, இல்லையென்றால் சேர்க்க அவர்கள் பார்க்கும் அளவு என்ன, சிக்னல் நேரத்தை ஆய்வு செய்த அறிக்கை இருக்கிறதா என்பதைத் தகவல் உரிமைச் சட்டப்படி கேட்டால் 20 வேலை நாளில் பதில் தர வேண்டும். ஒருவர் இறந்த பிறகு மரண விசாரணை அதிகாரி இதே போலக் கேட்டால் அவர்களுக்கு 56 நாள் கெடு. நீங்கள் உயிரோடு கேட்பதற்குத்தான் சீக்கிரம் பதில் கிடைக்கிறது. அதுவும் நகரவில்லை என்றால் உங்கள் தொகுதியின் லண்டன் அசெம்பிளி உறுப்பினருக்கு எழுதுங்கள். அவர் மேயரிடம் கேள்வியாக வைத்தால் பதில் பொதுப் பதிவில் ஏறும்.

இது எல்லாம் நடக்க மாதங்கள் ஆகும், சில சந்திப்புகளில் வருடங்கள். அதுவரை நீங்கள் அந்த வழியில் போய்க்கொண்டுதான் இருப்பீர்கள்.

சிக்னலில் நிற்கும் லாரியின் இடப்பக்கம் நுழையாதீர்கள். சைக்கிள் தடம் உங்களை அங்கேதான் கூட்டிப்போகிறது என்றாலும் நுழையாதீர்கள். பின்னால் நில்லுங்கள், தடத்தின் நடுவில் நில்லுங்கள். சந்திப்பை நெருங்கும்போது நடுவில் ஓட்டச் சொல்வது 2022 ஜனவரியில் திருத்திய ஹைவே கோடே. திரும்பும் வண்டி நேரே போகும் சைக்கிளைக் குறுக்கே வெட்டக் கூடாது என்றும் அது சொல்கிறது. சட்டம் உங்கள் பக்கம் என்பதற்காக லாரியின் பக்கத்தில் போய் நிற்க வேண்டாம். ஓட்டுநருக்கு நேரடியாக எவ்வளவு தெரிகிறது என்று 12 டன்னுக்கு மேற்பட்ட லாரிகளுக்கு நட்சத்திரம் போடும் முறை இருக்கிறது. 2024 அக்டோபர் முதல் மூன்று நட்சத்திரம் வேண்டும், இல்லையென்றால் கேமராவும் சென்சாரும் பொருத்த வேண்டும். நல்ல விதி. ஆனால் சென்சார் கத்துமா என்று உங்கள் உடம்பை வைத்துச் சோதிக்காதீர்கள். ஹெல்மெட் போட்டுக்கொள்ளுங்கள், கட்டாயமில்லை. 32 டன் லாரியின் பின்சக்கரத்துக்கு அது பதில் அல்ல.

சென்னையிலிருந்து புதிதாகப் படிக்க வந்திருக்கும் பிள்ளைகளுக்குத் தனியாக ஒன்று. இங்கேயும் இடப்பக்கம்தான் ஓட்டுகிறோம் என்பதால் பழகிய ஊர் மாதிரியே தோன்றும். ‘ஃப்ரீ லெஃப்ட்’ இங்கே கிடையாது. சிவப்பு என்றால் இடப்பக்கம் திரும்புகிறவருக்கும் சிவப்பு. பல கவுன்சில்களில் பெரியவர்களுக்கு இலவசமாகவோ குறைந்த கட்டணத்திலோ சைக்கிள் பயிற்சி உண்டு. பயிற்சியாளரை உங்கள் வழியிலேயே கூட்டிப்போய் அந்தச் சந்திப்பைக் கடந்து காட்டச் சொல்லுங்கள்.

ஒருநாள் அந்தச் சந்திப்புக்கான திட்டம் கருத்துக் கேட்புக்கு வரும். பார்க்கிங் போகிறதே, திருப்பம் போகிறதே என்று எதிர்ப்பவர்கள் தவறாமல் எழுதுவார்கள். திட்டத்தால் பயன்பெறுகிறவர்களோ அது எப்படியும் வந்துவிடும் என்று சும்மா இருந்துவிடுவார்கள். தயவுசெய்து அப்போது எழுதுங்கள். ‘இந்த வழியில் சைக்கிளில் போகிறேன், திட்டத்தை ஆதரிக்கிறேன்’ என்று ஒரு வரி போதும். வீட்டிலுள்ள மற்றவர்களையும் ஆளுக்கொன்று எழுதச் சொல்லுங்கள்.