முதல் மாத்திரைக்கு முன்பே இரத்தம் எடுக்க வேண்டும்



மருத்துவ உதவி கேட்டு நம் டிரஸ்டுக்கு வரும் மனுக்களில் 'இரத்தத்தில் கிருமி கலந்துவிட்டது' என்று எழுதியவை பல. பெரும்பாலும் 60, 70 வயதைக் கடந்த, சர்க்கரை நோயுள்ள பெரியவர்கள். சிறுநீர்த் தொற்று, நிமோனியா, ஆறாத கால் புண் போன்றவற்றிலிருந்து கிருமி இரத்தத்துக்குப் போகிறது.

வயதானவர்களுக்குக் காய்ச்சலே இல்லாமலும் இது வரலாம். திடீரென்று பேச்சு குழறுவது, வீட்டு ஆட்களையே தெரியாமல் விழிப்பது, மூச்சு வாங்குவது, சிறுநீர் குறைவது ஆகியவற்றைக் கண்டால் 'வயசாயிடுச்சு' என்று விட்டுவிடாதீர்கள். இரவானாலும் 108-ஐக் கூப்பிடுங்கள்.

நான் செய்த தவறைச் சொல்கிறேன். என் அத்தாவுக்கு உடம்பு சரியில்லாதபோது, வீட்டில் மீதியிருந்த ஆன்டிபயாடிக் மாத்திரையை இரண்டு நாள் கொடுத்தேன். பிறகு ஆஸ்பத்திரியில் எடுத்த பிளட் கல்ச்சரில் ஒன்றுமே வளரவில்லை. அரைகுறை மருந்து கிருமியைக் கொல்லவில்லை, பரிசோதனையில் தெரியாமல் மறைத்துவிட்டது. டாக்டர்கள் ஊகத்தின் பேரிலேயே விலை உயர்ந்த ஊசி போட வேண்டியதாயிற்று. அல்ஹம்துலில்லாஹ், அத்தா பிழைத்தார்.

பிளட் கல்ச்சர் என்பது, இரத்தத்தைச் சத்து நீர் உள்ள பாட்டிலில் வைத்து, வளரும் கிருமி எது, எந்த மருந்துக்கு அது சாகும் என்று பார்ப்பது. முடிவு வர இரண்டு மூன்று நாளாகும். அதுவரை காத்திருக்க மாட்டார்கள்; இரத்தம் எடுத்த கையோடு ஊசி தொடங்கும். ரிப்போர்ட் வந்ததும் மருந்தை மாற்றினால் பதற வேண்டாம், அதற்காகத்தான் அந்தப் பரிசோதனை.

வலுவான மருந்துகளையும் எதிர்க்கும் என்.டி.எம்-1 கிருமிகள் சென்னை நோயாளிகளிடம் இருந்ததை 2010-லேயே ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். 2014 மார்ச் முதல் பல ஆன்டிபயாடிக்குகளைச் சீட்டில்லாமல் விற்கக் கூடாது, விற்றதைப் பதிவேட்டில் எழுத வேண்டும் என்று விதியும் இருக்கிறது. ஆனால் நாமே மெடிக்கலில் போய்க் கேட்கிறோமே! அட்டையில் சிவப்புக் கோடு இருந்தால் சீட்டில்லாமல் வாங்காதீர்கள்.

'14 நாள் ஊசி போட்டால்தான் குணமாகும்' என்று சிலர் அடம்பிடிக்கிறார்கள். 2024 நவம்பரில் ஒரு பெரிய ஆய்வு வெளியானது. சவூதி உட்பட 7 நாடுகளில் 74 மருத்துவமனைகள், 3,608 நோயாளிகள்; அவர்களில் பாதிப்பேர் 70 வயதை எட்டியவர்கள். 7 நாள் மருந்து பெற்றவர்களில் 90 நாளுக்குள் இறந்தோர் 14.5 சதவீதம், 14 நாள் பெற்றவர்களில் 16.1 சதவீதம். அதாவது, குறைந்த நாள் கொடுத்ததால் கெடுதல் இல்லை. ஆனால் ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ் என்ற கிருமி உள்ளவர்களை அந்த ஆய்வில் சேர்க்கவில்லை. அந்தக் கிருமிக்கும், இதய வால்வு, எலும்பு வரை போன தொற்றுக்கும் வாரக்கணக்கில் மருந்து வேண்டும். ஆகவே நாளைத் தீர்மானிப்பவர் டாக்டர்தான். நீங்களாக நிறுத்தவும் வேண்டாம், கூட்டிக் கேட்கவும் வேண்டாம்.

ஆஸ்பத்திரிக்குப் போகும்போது, கடந்த ஒரு மாதத்தில் சாப்பிட்ட மாத்திரை அட்டைகளை ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். டிரஸ்டுக்கு மனு கொடுப்பவர்கள் கல்ச்சர் ரிப்போர்ட்டின் நகலை இணைக்கவும். ரிப்போர்ட் இன்னும் வரவில்லை என்றாலும் மனுவைக் கொடுத்துவிடலாம்.